மண்டபத்தில் கேட்ட மிருதங்கம் எங்கே போனது?

மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ராமநவமி உற்சவத்தை ஒட்டி அங்கே ஒரு கச்சேரி. 150 பேர் உட்காரக்கூடிய கல்யாண மண்டபத்தில் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று மேடையில் நான்கு பேர். தனியாவர்த்தனம் முடிந்தபோது கடைசி வரிசை வரை எழுந்து நின்று கைதட்டினார்கள். மிக்ஸரிலிருந்து ஒரு கேபிளை இழுத்து என் லேப்டாப்பில் செருகி, மூன்று மணி நேரக் கச்சேரியையும் பதிவு செய்திருந்தேன். செல்போனை மேடையோரம் வைத்து எடுத்தால் இருமலும் நாற்காலிச் சத்தமும் சேர்ந்து வரும். மிக்ஸரிலிருந்தே எடுத்தால் சுத்தமாக இருக்கும் என்பது என் கணக்கு. இரவு வீட்டுக்கு வந்ததும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாடகரின் குரல் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மூச்சு வாங்குவது கூடக் கேட்கிறது. வயலின் பரவாயில்லை. மிருதங்கமோ அடுத்த தெருவில் யாரோ வாசிப்பது போல இருந்தது. கடம் என்று ஒன்று மேடையில் இருந்ததற்கே அடையாளம் இல்லை. அத்தனை பேர் எழுந்து தட்டிய கைதட்டல், தகரக் கூரையில் விழும் தூறல் அளவுக்கே கேட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத ஒரு ரீங்காரம். போதாததற்கு, பாடகர் மேல் ஷட்ஜத்தில் நின்றபோதெல்லாம் குரல் கரகரவென்று கிழிந்தது.

மறுநாள் மைக் செட் அண்ணனிடம் கேட்டேன். முப்பது வருடமாக அந்த வட்டாரத்தில் திருவிழாவுக்கும் கச்சேரிக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். “மிருதங்கத்துக்கு மைக் வச்சிருந்தீங்களே அண்ணே, பதிவுல காணோமே?” என்றேன். “சார், மிருதங்கம் அந்த ஹால்ல மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேக்குது. அப்புறம் நான் ஏன் அதுக்குக் குடுக்கணும்? குரலுக்குத்தான் குடுக்கணும்” என்றார்.

என் பதிவில் நடந்ததற்கான விளக்கத்தில் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கிறது. மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு இரண்டு வழிகளில் ஒலி வருகிறது. மேடையிலிருந்து காற்று வழியாக நேரே வருவது ஒன்று. மைக், மிக்ஸர், ஸ்பீக்கர் என்று சுற்றி வருவது மற்றொன்று. காது கேட்பது இரண்டின் கூட்டுத்தொகையை. மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கூட்டுத்தொகை சரியாக அமைய எது குறைகிறதோ அதை மட்டும் சேர்க்கிறார். கல்யாணச் சமையலில் தலைமைச் சமையல்காரர் சாம்பாரை ருசி பார்த்துவிட்டுக் குறைகிற உப்பைப் போடுகிறார் அல்லவா, அது போல. நான் கேபிள் வழியாகப் பிடித்துக்கொண்டு வந்தது அவர் கையால் போட்ட உப்பை மட்டும். சாம்பார் மண்டபத்திலேயே தங்கிவிட்டது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. மண்டபம் சிறியதாக இருக்க இருக்க, மிக்ஸரிலிருந்து எடுக்கும் பதிவு உண்மையிலிருந்து விலகிக்கொண்டே போகும். பெரிய திறந்தவெளித் திடலில் மிருதங்கமும் ஸ்பீக்கர் வழியாகத்தான் மக்களை எட்டியாக வேண்டும். அங்கே மிக்ஸர் பதிவு ஓரளவு நியாயமாக அமையும். நூறு பேர் உட்காரும் சபாவில் அமையாது. மைக் செட்காரர் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ, அந்த அளவுக்கு இந்தப் பதிவு கோணலாகும். அவர் மீது குறை சொல்வதில் அர்த்தமே இல்லை.

இதற்கு மாற்றும் மிக்ஸருக்குள்ளேயே இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ஒவ்வொரு மைக்கும் ஓர் ஆறு என்று வைத்துக்கொள்வோம். மேலே திருகும் ‘கெயின்’ குமிழ், மைக்கிலிருந்து வரும் மெலிந்த மின்னோட்டத்தை முதலில் பெருக்குகிறது. கீழே மேலும் கீழும் தள்ளும் ‘ஃபேடர்’ என்பது மதகு; எல்லா மதகுகளின் நீரும் கலந்து முதன்மை வெளியீடாக ஸ்பீக்கருக்குப் போகிறது. ஆனால் ஒவ்வோர் ஆற்றிலிருந்தும் ‘ஆக்ஸ்’ என்ற கிளை வாய்க்காலும் பிரிகிறது. அதற்குத் தனி மதகு உண்டு. அந்த வாய்க்காலைப் பெரிய மதகுக்கு மேலேயே பிரித்துக்கொண்டால், ‘ப்ரீ ஃபேடர்’ என்பார்கள், மண்டபத்துக்கு மிருதங்கத்தை முழுக்க அடைத்தாலும் பதிவுக்கு மிருதங்கம் வந்துகொண்டே இருக்கும். ஸ்பீக்கருக்கு ஒரு கலவை, லேப்டாப்புக்கு வேறொரு கலவை. இன்னும் நல்லது, கலக்கவே கலக்காமல் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனித் தடமாகக் கணினிக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் நிதானமாகக் கலப்பது. இன்றைய டிஜிட்டல் மிக்ஸர்களில் ஒரே யூஎஸ்பி கேபிளில் 32 தடங்கள் வரை அப்படி அனுப்ப முடிகிறது. யூஎஸ்பி துளை இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மிக்ஸரை நம்பிவிடக் கூடாது. விலை குறைந்த பலவற்றில் அந்தத் துளை வழியாக முதன்மைக் கலவையின் இரண்டு தடங்கள் மட்டுமே வரும். அதாவது அதே உப்பு.

மிருதங்கம் போன வழி தெரிந்துவிட்டது. ரீங்காரமும் கரகரப்பும் வேறு கதை.

கரகரப்பை எடுத்துக்கொள்வோம். மைக்கின் மெல்லிய தகடு குரலின் காற்றழுத்தத்துக்கு ஏற்ப அதிர்ந்து மின்னழுத்தமாக மாற்றித் தருவது சில மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. மிக்ஸர் அதைப் பெருக்கி வெளியே விடும்போது அது ஒரு வோல்ட்டை ஒட்டி நிற்கிறது. தொழில்முறைக் கருவிகளுக்கு 1.23 வோல்ட் என்பது வழக்கமான அளவு. முன்னதை ‘மைக் லெவல்’ என்றும் பின்னதை ‘லைன் லெவல்’ என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் இடையே சில நூறு மடங்கு வித்தியாசம். லேப்டாப்பின் ஓரத்தில் இருக்கிற அந்தச் சின்னத் துளை ஹெட்செட் மைக்குக்காகச் செய்யப்பட்டது. அது எதிர்பார்ப்பது மில்லிவோல்ட். நான் செருகியது மேட்டூர்த் தண்ணீர்.

அதில் இன்னொரு விஷயமும் எனக்கு அன்று புரியவில்லை. பதிவு செய்யும்போதே அளவு மிகுதி என்று பார்த்து, திரையில் இருக்கிற ஒலி அளவுக் கோட்டைக் கீழே இறக்கினேன். அலைகள் திரையில் சின்னதாகிவிட்டன. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். பிறகு வீட்டில் அந்த மேல் ஷட்ஜத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, உருண்டையாக எழ வேண்டிய அலை முகடுகள் எல்லாம் கத்தி வைத்துச் சீவியது போலத் தட்டையாக இருந்தன. அதுவும் திரையின் உச்சியில் அல்ல, பாதி உயரத்திலேயே. தட்டையான முகடு உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றால், இலக்கமாக்கிய இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறது. உச்சிக்குக் கீழேயே தட்டையாக இருந்தால், அதற்கு முன்னால் எங்கோ பெருக்கியிலேயே வெட்டுப்பட்டு, பிறகு சுருக்கப்பட்டிருக்கிறது. நான் சுருக்கியது ஏற்கெனவே வெட்டுப்பட்ட அலையை. பதிவில் கோளாறு எங்கே நேர்ந்தது என்பதை இப்படி முகட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

ஆகவே மிக்ஸருக்கும் கணினிக்கும் நடுவே லைன் லெவலை ஏற்கத் தெரிந்த ஒரு பெட்டி வேண்டும். ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ என்று கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். தமிழில் ஒலி இடைமுகம் எனலாம்.

ரீங்காரத்துக்கு வருகிறேன். அதன் சுருதியை அலைவரிசைப் படத்தில் பார்த்தால் 50 ஹெர்ட்ஸில் ஒரு கூர்மையான தூண், 100-இல் ஒன்று, 150-இல் ஒன்று. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. அமெரிக்காவில் 60 முறை, அங்கே இதே தொல்லை 60-இல் வரும். ஆக அது மின்வாரியத்தின் குரல்தான். எப்படி உள்ளே வந்தது? மிக்ஸர் மேடைப் பக்கத்து பிளக்கில் ‘எர்த்’ ஆகியிருக்கிறது. என் லேப்டாப் சார்ஜர் பின்சுவர் பிளக்கில் ‘எர்த்’ ஆகியிருக்கிறது. இரண்டு எர்த்தும் ஒரே பூமிதான் என்றாலும், கட்டடத்தின் ஒயரிங் வழியாக வரும்போது இரண்டுக்கும் இடையே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு இருக்கும். நான் இழுத்த கேபிளின் உறை இரண்டையும் இணைத்து ஒரு வளையமாக்கிவிட்டது. அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி வந்து பாட்டோடு கலந்தது. சோதித்துப் பார்ப்பது சுலபம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓடவிட்டால் வளையம் அறுந்து ரீங்காரம் சட்டென்று நிற்கும்.

இதற்காகச் சிலர் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த முள் மைக்கைத் தொட்டுக்கொண்டு பாடுகிறவரின் உயிரைக் காப்பதற்காக இருக்கிறது. மிக்ஸரையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகலாம். அல்லது நடுவே ஒரு சின்ன மின்மாற்றிப் பெட்டி வைக்கலாம்; அதில் இரு பக்கமும் கம்பியால் தொடாமல் காந்தப்புலம் வழியாக மட்டுமே ஒலி கடக்கும். மூன்றாவது வழி ‘பேலன்ஸ்டு’ கேபிள். அதற்குள் இரண்டு கம்பிகள். ஒன்றில் அலை நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் போகிறது. வழியில் எந்த இரைச்சல் ஒட்டினாலும் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஒட்டும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பாட்டு இரட்டிப்பாகிறது, இரைச்சல் ரத்தாகிறது. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே அளவு தூசி படிந்தால் முள் அசையாது அல்லவா, அதே கணக்கு.

இந்த 50 ஹெர்ட்ஸ் துல்லியமாக 50-லேயே நிற்பதில்லை. நாட்டின் மின் தேவைக்கேற்ப நூலிழை அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒரு ஒலிப்பதிவு எந்த நாளில் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்று தடயவியல் ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். நமக்குத் தொல்லையாக இருக்கும் ரீங்காரம் அவர்களுக்குத் தேதி முத்திரை.

இதுவரை ஒலி மின்னலையாகத்தான் இருக்கிறது. இனி அது எண்களாக வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒலி இடைமுகம் விநாடிக்கு 48,000 முறை அலையின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்கிறது. இதை மாதிரியெடுத்தல் என்றும், விநாடிக்கு எத்தனை முறை என்பதை மாதிரி வீதம் என்றும் சொல்கிறோம். கேட்டவுடன் எழும் சந்தேகம் நியாயமானது: இரண்டு அளவீடுகளுக்கு நடுவில் அலை என்ன செய்தது என்பது எழுதப்படவே இல்லையே, அந்த இடைவெளியில் ஒரு கமகம் தவறிப்போகாதா?

வாசலில் வைத்த கோலப்புள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதே புள்ளிகளைப் பாட்டி ஒரு மாதிரி வளைத்துச் சேர்ப்பார், பேத்தி வேறு மாதிரி சேர்ப்பாள். புள்ளிகள் ஒன்றே, கோலங்கள் எத்தனையோ. அப்படியென்றால் கணினி தன்னிடமுள்ள புள்ளிகளை வைத்துக்கொண்டு எது அசல் கோலம் என்று எப்படிச் சொல்லும்? ஒரு நிபந்தனை போட்டால் சொல்லலாம். ‘புள்ளிகளின் இடைவெளி அனுமதிப்பதைவிட வேகமாகக் கோடு நெளியக் கூடாது’ என்று முன்கூட்டியே உறுதி கிடைத்துவிட்டால், அந்தப் புள்ளிகள் வழியாகப் போகக்கூடிய கோடு ஒன்றே ஒன்றுதான். கிட்டத்தட்ட அதே கோடு என்று இல்லை, அதே கோடு. 1928-இல் தந்திச் செய்திகளைப் பற்றி ஆராய்ந்த ஹாரி நைக்விஸ்ட் இதன் அடித்தளத்தை அமைத்தார்; சோவியத் நாட்டில் கோதெல்னிகோவ் 1933-இல் தனியாக இதை எட்டினார்; 1949-இல் கிளாட் ஷானன் வெளியிட்ட கட்டுரை வழியாக இது பொறியாளர்களின் பொதுச்சொத்தானது. ஓர் அதிர்வெண்ணை இழக்காமல் பிடிக்க அதைப்போல இருமடங்குக்கும் மேலான மாதிரி வீதம் போதும். மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை. 48,000 என்ற வீதம் 24,000 வரை பிடிக்கும்.

உறுதி கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? பழைய சினிமாவில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். விநாடிக்கு 24 படங்கள் அந்தச் சக்கரத்துக்குப் போதவில்லை. ஆகவே இல்லாத ஒரு மெதுவான சுழற்சி கண்ணில் படுகிறது. ஒலியிலும் அப்படியே. விநாடிக்கு 8,000 மாதிரிகள் எடுக்கும் கருவிக்குள் வடிகட்டி இல்லாமல் 5,000 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டால், வெளியே 3,000 ஹெர்ட்ஸில் ஒரு போலி ஒலி கேட்கும். ஸ்வரத்தை ஏற்றிக்கொண்டே போனால் போலி ஒலி இறங்கிக்கொண்டே வரும். இதைத் தடுக்கத்தான் இடைமுகத்துக்குள் அளப்பதற்கு முன்பே ஒரு வடிகட்டி நின்று, மிகையாக நெளிகிற எதையும் உள்ளே விடாமல் நிறுத்துகிறது. அந்த வடிகட்டி கொடுப்பதுதான் மேலே சொன்ன உறுதி.

டிஜிட்டல் ஒலியைப் படிக்கட்டு போலப் படம் போட்டு, ‘பார், வளைவு எல்லாம் போய்விட்டது’ என்று விளக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் படம் தவறு. நிரூபிக்க ஒரு அலைகாட்டி போதும். 15,000 ஹெர்ட்ஸ் அலையை 44,100 வீதத்தில் இலக்கமாக்கி, மறுபடி மின்னலையாக மாற்றி அலைகாட்டியில் பாருங்கள். ஓர் அலைக்கு மூன்று புள்ளி கூடக் கிடைத்திருக்காது. ஆனாலும் திரையில் தெரிவது வழுவழுப்பான முழு அலை; படிக்கட்டு எங்கும் இல்லை.

44,100 என்ற இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். கணினி வட்டுகள் சிறியதாக இருந்த 1970-களின் கடைசியில் இவ்வளவு எண்களைக் கொள்ளக்கூடியது வீடியோ டேப் ஒன்றுதான். வீடியோவின் ஒவ்வொரு கோட்டிலும் 3 மாதிரிகளை எழுதினார்கள். நம் ஊர் முறையில் விநாடிக்கு 50 புலங்கள் (அதாவது அரைப் படங்கள்), ஒரு புலத்தில் பயன்படுத்திய கோடுகள் 294, பெருக்கினால் 44,100. அமெரிக்க, ஜப்பானிய முறையில் 60 புலங்கள், 245 கோடுகள். பெருக்கினால் அதே 44,100. இரண்டு உலகத்துக்கும் பொருந்துகிற எண். 1982-இல் சிடி வந்தபோது அதையே எடுத்துக்கொண்டது. இன்றும் நாம் கேட்கும் பாட்டுகளுக்குள் பழைய தொலைக்காட்சிக் கோடுகள் ஒளிந்திருக்கின்றன.

எத்தனை முறை அளப்பது என்பது ஒன்று. எவ்வளவு நுணுக்கமாக அளப்பது என்பது மற்றொன்று. நம் பழைய முகத்தலளவை இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. ஒரு படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. ஒரு குவியல் அரிசியை அளக்க வேண்டும். உரி நிறையுமா? ஆம். மிச்சத்தில் உழக்கு நிறையுமா? இல்லை. ஆழாக்கு? ஆம். ‘ஆம், இல்லை, ஆம்’ என்ற மூன்று விடைகளில் அளவு எழுதப்பட்டுவிட்டது: ஐந்து ஆழாக்கு. மூன்று விடைகளால் 8 அளவுகளைப் பிரித்துச் சொல்லலாம். ஒவ்வொரு விடையும் ஒரு ‘பிட்’. அலையை எண்ணாக்கும் பழைய வகை மாற்றிகள் நிஜமாகவே இப்படிப் பாதிப் பாதியாகக் கேட்டுத்தான் அளந்தன. இன்றையவை வேறு வழியில் அளந்தாலும் விடையை இதே வடிவில்தான் எழுதுகின்றன. சிடியில் 16 பிட், அதாவது 65,536 படிநிலைகள். பதிவுக்கு நாம் வைக்கும் 24 பிட்டில் 1,67,77,216 படிநிலைகள்.

அரிசி அளப்பதிலிருந்தே இன்னொரு சொல்லையும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். படியைக் குவித்து அளப்பது உண்டு, கோலால் வழித்துத் தலைதட்டி அளப்பதும் உண்டு. எண்கள் எப்போதும் தலைதட்டித்தான் அளக்கும். உச்ச எண்ணைத் தாண்டி எவ்வளவு வந்தாலும் உச்ச எண்ணாகவே எழுதப்படும். பழைய காந்த டேப்பில் அளவு மிஞ்சினால் அலை மெல்ல நசுங்கும். காதுக்கு அது சில சமயம் இனிமையாகக்கூட இருக்கும். எண்ணில் அந்த இரக்கம் கிடையாது. முகடு தட்டையாகிறது, அந்தத் தட்டையின் கூர்முனைகள் அசல் குரலில் இல்லாத புதிய அதிர்வெண்களைக் கிளப்புகின்றன. அதுதான் கரகரப்பு. என் ராமநவமிப் பதிவில் இந்த வெட்டு எண்ணாவதற்கு முன்பே பெருக்கியில் விழுந்தது. இடமும் வெட்டும் விதமும் வேறாக இருந்தாலும் விளைவு ஒன்று. இதைத் தலைதட்டல் என்றே தமிழில் சொல்லலாம். கிழிந்ததை ஒட்டுப்போடும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவை ஊகித்து நிரப்புகின்றனவே தவிர, வெட்டுப்பட்ட முகட்டைத் திரும்பக் கொண்டுவருவதில்லை.

ஆகவே எவ்வளவு இடம் விட்டு வைப்பது என்பதுதான் பதிவு செய்பவரின் முதல் முடிவு. கச்சேரிக்கு முன்னால் சோதிக்கும்போது மிருதங்க வித்வான் வலந்தலையில் நாலு தட்டு, தொப்பியில் ரெண்டு தட்டு தட்டி “போதுமா?” என்பார். அதை வைத்துக் கெயினைத் திருப்பினால் தனியாவர்த்தனத்தின் கோர்வையில் மாட்டிக்கொள்வோம். அப்போது விழும் அடி வேறு அடி. டிஜிட்டல் அளவுமானியில் உச்சி சுழி. அதற்குக் கீழே எல்லாம் எதிர்மறை எண்கள். சோதனையின்போது முகடுகள் -18 டெசிபெல் பக்கம் நிற்குமாறு வைத்தால், நிஜக் கச்சேரியின் உச்சம் -6-க்குள் அடங்க வாய்ப்பு அதிகம். ‘அளவு குறைந்தால் நுணுக்கம் போய்விடுமே’ என்று பயந்து சிவப்பு விளக்கைத் தொட்டுக்கொண்டே பதிவு செய்யும் பழக்கம் 16 பிட் காலத்தில் வந்தது. ஒரு பிட் என்பது ஏறக்குறைய 6 டெசிபெல். 18 டெசிபெல் இடம் விட்டால் 3 பிட் இழப்பு. 24-இல் 3 போனால் 21. சிடிக்குத் தேவையானதைவிட அப்போதும் 5 பிட் அதிகம். மண்டபத்து மின்விசிறியின் இரைச்சலே அந்தக் கடைசிப் பிட்டுகளைவிடப் பல மடங்கு பெரிது. தாராளமாக இடம் விடுங்கள்.

எண்கள் இப்போது யூஎஸ்பி வழியாக இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் கணினி ஒரே வேலையாக அவற்றைக் கவனிப்பதில்லை. நடுவே வைரஸ் சோதனை, அப்டேட், வைஃபை என்று போய்வருகிறது. அதனால் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பது போல நடுவில் ஒரு தொட்டி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பஃபர்’ என்பார்கள், இடைத்தொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். 256 மாதிரிகள் கொள்ளும் தொட்டி 5 மில்லிவிநாடியில் நிறைந்துவிடும். அதற்குள் கணினி வந்து அள்ளாவிட்டால் வழிந்துபோகும். பதிவில் ‘டப்’ என்று ஒரு வெட்டுச் சத்தம் கேட்கும். பாடிக்கொண்டே தன் குரலைக் கணினி வழியாகக் கேட்கிறவருக்குச் சிறிய தொட்டி தேவை, இல்லாவிட்டால் குரல் தாமதமாகக் காதுக்கு வரும். கச்சேரியைப் பதிவு மட்டும் செய்கிறவருக்கு அந்தக் கவலை இல்லை. 1,024 வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள்.

கோப்பின் அளவையும் ஒரு தடவை கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது. 24 பிட் என்றால் 3 பைட். 48,000 மாதிரிகள், 8 தடங்கள்; விநாடிக்கு 11,52,000 பைட். மூன்று மணி நேரத்துக்குச் சுமார் 12.4 ஜிபி. சாதாரண வேவ் கோப்பு தன் நீளத்தை 32 பிட்டில் குறித்துக்கொள்வதால் சுமார் 4.3 ஜிபிக்கு மேல் அதனால் எண்ண முடியாது. எட்டுத் தடங்களையும் ஒரே கோப்பில் எழுதினால் 62 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும், ராகம் தானம் பல்லவி தொடங்குகிற நேரத்தில். தடத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்து எழுதச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை.

மறு வருட ராமநவமிக்கு இவ்வளவையும் தெரிந்துகொண்டு போனேன். அண்ணனிடம் நான்கு மைக்கையும் ஃபேடருக்கு முன்பே தனித்தனியாகப் பிரித்துத் தரும்படி கேட்டேன். சந்தோஷமாகச் செய்து கொடுத்தார். கூடவே நான் ஒன்று செய்தேன். மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி, அவர் மிக்ஸர் இருந்த இடத்தில், ஒரு ஸ்டாண்டில் இரண்டு மைக்குகளை வைத்தேன். எந்த வாத்தியத்துக்கும் அல்ல, மண்டபத்துக்காக. ஸ்பீக்கரும் மேடையும் கைதட்டலும் கலந்து அங்கே உட்கார்ந்திருப்பவர் காதுக்கு எது வருகிறதோ அதற்காக.

ஆனால் வீட்டில் ஆறு தடங்களையும் சேர்த்து ஓடவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஓர் எதிரொலி. கிணற்றுக்குள் வாசித்தது போல. காரணம் எளியது: மின்சாரம் கேபிளில் நொடியில் வந்துவிடுகிறது, ஒலி காற்றில் நடந்துதான் வருகிறது. நல்லவேளையாகக் கச்சேரி தொடங்குமுன் அண்ணனை மிருதங்க மைக்கின் பக்கத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டச் சொல்லியிருந்தேன். திரையில் பெரிதாக்கினேன். மிருதங்கத் தடத்தில் ஊசி போல ஒரு முகடு. மண்டபத் தடத்தில் அதே ஊசி கொஞ்சம் தள்ளி. நடுவில் எண்ணினால் 2,060 மாதிரிகள். 48,000-ஆல் வகுத்தால் 43 மில்லிவிநாடி. மண்டபத்தின் அன்றைய வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். பெருக்கினால் 15 மீட்டர். டேப் வைத்து நான் அளந்ததும் 15 மீட்டர்.

மண்டபத் தடத்தை 2,060 மாதிரிகள் முன்னுக்கு நகர்த்தினேன். எதிரொலி போய்விட்டது. மிருதங்கம் மேடைக்கு வந்தது, அதன் பக்கத்தில் கடம், நடுவில் குரல், எல்லாவற்றையும் சுற்றி மண்டபம்.

நண்பர் ஒருவர் செல்போனில் எடுத்திருந்த வீடியோவோடு இதைச் சேர்த்தபோது வர்ணத்தில் உதடு சரியாகப் பொருந்தியது. மங்களத்தில் அரை விநாடி விலகிவிட்டது. இரண்டு கருவிகளிலும் நேரம் காட்டும் படிகம் வேறு வேறு. லட்சத்தில் 5 பங்கு பிசகினால் கூட மூன்று மணி நேரத்தில் அரை விநாடிக்குச் சற்று மேல் சேர்ந்துவிடும். முதலிலும் கடைசியிலும் ஒவ்வோர் அடியைப் பொருத்தி, நடுவே இருப்பதை அந்த நூலிழை அளவுக்கு இழுத்துவிட்டேன்.

பதிவை அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தனியாவர்த்தனம் முழுவதும் கேட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “இடது பக்கம் மூணாவது ஃபேன் டக்கு டக்குன்னு அடிக்குது, கேட்டீங்களா சார்? அன்னிக்கு எனக்குத் தெரியல” என்றார். அடுத்த கச்சேரிக்குப் போனபோது, அந்த ஃபேனுக்கு எண்ணெய் போட்டிருந்தது. 15 மீட்டரில் இரண்டு மைக் ஸ்டாண்டுகளை அவரே வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.